1823-க்குப் போகும் கப்பல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். க்யிம்யிண்டைங், யாங்கோன்)

தியா லிம் சிங்கப்பூரில் வளர்ந்தவர், டொரான்டோவில் வாழ்பவர். 2018-ல் வெளிவந்த அவருடைய ‘அன் ஓஷன் ஆஃப் மினிட்ஸ்’ நாவல் அந்த ஆண்டு கனடாவின் கில்லர் பரிசுக் குறும்பட்டியல் வரை போனது. கதை 1981-ல் தொடங்குகிறது. அமெரிக்காவில் ஒரு காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவுகிறது. டெக்சஸில் மாட்டிக்கொண்ட காதலர்கள் பாலியும் ஃபிராங்கும். ஃபிராங்குக்கு நோய் தொற்றிவிடுகிறது. வைத்தியம் இருக்கிறது, கையில் காசில்லை. ‘டைம்ரெய்சர்’ என்றொரு கம்பெனி வழி சொல்கிறது. பாலி எதிர்காலத்துக்குப் போய் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்யக் கையெழுத்துப் போட்டால், ஃபிராங்கின் வைத்தியச் செலவு கம்பெனியுடையது. பாலி ஒரே தாவலில் 1993-ல் இறங்குவாள். ஃபிராங்க் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளையும் நாள் நாளாக வாழ்ந்து கடந்து, கால்வெஸ்டன் என்ற துறைமுக ஊரில் அவளுக்காகக் காத்திருப்பான். இதுதான் இருவரின் ஏற்பாடு. கம்பெனியோ அவளை 1998-ல் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது.

அவள் இறங்கிய இடத்தில் நாடே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. பழைய மேசை நாற்காலிகளுக்கு உறை தைத்துப் புதுப்பிக்கும் கைத்தொழில் தெரிந்தவள் என்பதால் முதலில் அவளுக்கு நல்ல வகை விசா. பிறகு அதுவும் பறிபோய்க் கீழ்வகைக்குத் தள்ளப்படுகிறாள். படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தம். காதலனைத் தேடுவதற்கு அனுமதிச் சீட்டு. முடிவை இங்கே சொல்லப்போவதில்லை; வாசிக்கப்போகிறவர்களின் வயிற்றெரிச்சல் எதற்கு?

மேலை நாட்டு வாசகர்களுக்கு இது வரப்போகும் ஒரு கெட்ட காலத்தின் கற்பனை. அதையே க்யிம்யிண்டைங்கில் உட்கார்ந்து ஒரு தமிழர் வாசித்தால் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் இந்த ஊரின் பழைய கோப்புகளில் ஒரு நகல் கிடைக்கும். கால இயந்திரம் ஒன்றுதான் குறை. அதுவும் கூட இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பாலி எழுதிக்கொடுத்த பத்திரத்திலிருந்தே தொடங்கலாம். செட்டிநாட்டில் அதற்குச் சம்பளச் சீட்டு என்று பெயர். பர்மாவில் ரங்கூன் (இன்றைய யாங்கோன்), மோல்மேன், பசீன் வட்டிக்கடைகளுக்கு முதலாளி அனுப்பும் ஏஜெண்டு, வழக்கமாக மூன்று வருஷக் கணக்குக்குப் போவார். சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும் முன்பே முன்பணமாக வீட்டுக்கு வந்துவிடும். மனைவி பெரும்பாலும் ஊரில்தான். கணக்கு முடித்துத் திரும்பி வந்து, சில காலம் இருந்துவிட்டு, அடுத்த சீட்டு எழுதி மறுபடி கப்பல். ‘கொண்டுவிற்கப் போவது’ என்று அந்த வாழ்க்கைக்கு அவர்கள் சொன்ன பெயர். திருமணமாகி முப்பது ஆண்டு என்று சொல்லும் தம்பதியர் ஒரே கூரையின் கீழ் இருந்த காலத்தைக் கூட்டிப் பார்த்தால் அதில் மிகச் சிறு பங்குதான் தேறும். ஒரு வசதி, அவர்களுக்குத் திரும்பி வரும் தேதியாவது தெரியும்.

துறைமுகக் கூலிக்கும் அரிசி ஆலைக் கூலிக்கும் அந்த வசதியும் இல்லை. கப்பல் கட்டணத்தை மேஸ்திரி கொடுப்பார். அது கடனாக ஏறும். கூலி மேஸ்திரியின் கை வழியாகத்தான் வரும். பிடித்தம் போக மிஞ்சியது கூலிக்காரனுக்கு. டைம்ரெய்சர் கம்பெனியின் கணக்குப் புத்தகமும் இப்படித்தான் நடக்கிறது. 1920-களில் ரங்கூன் உலகிலேயே மிக அதிகமாக ஆட்கள் வந்திறங்கிய துறைமுகங்களில் ஒன்று. 1927-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பர்மாவுக்கு வந்தார்கள்; அதே ஆண்டில் லட்சக்கணக்கில் திரும்பியும் போனார்கள். 1931 குடிக்கணக்கின்படி ரங்கூனின் நான்கு லட்சம் மக்களில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். சொந்த நாட்டின் தலைநகரில் பர்மியர்கள் சிறுபான்மை.

இந்த இடத்தில் ஒரு நேர்மை தேவைப்படுகிறது. கெட்ட காலக் கதையில் யார் பாவம் என்பது யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1930-ல் கீழ் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். நெல் விலை சரிந்து, அடமானம் மூழ்கி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது 25 சதவீதம் ஆனது. பெரும்பாலும் அவர்கள் விரும்பி வாங்கிய நிலமல்ல, வராத கடனுக்கு வந்த நிலம் என்பது உண்மை. ஆனால் வயலை இழந்த பர்மிய உழவனுக்கு அந்த வேறுபாட்டால் ஆவதென்ன? அவன் எழுதும் கதையில் டைம்ரெய்சர் கம்பெனியின் பெயர்ப்பலகை தமிழில் இருக்கும். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகளுக்கும் பர்மியக் கூலிகளுக்கும் வேலையை முன்னிட்டு மூண்ட கலவரத்தையும், 1938 கலவரத்தையும் இந்தப் பின்னணியை விட்டுவிட்டுப் பேச முடியாது.

நாவலில் வரும் இரண்டு வகை விசா வாசகருக்குப் புதுமையாகத் தோன்றலாம். பர்மா 1937 ஏப்ரல் 1-ல் இந்தியாவிடமிருந்து பிரிக்கப்பட்டது. 1941-ல் இந்தோ-பர்மா குடியேற்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் ‘ஏ’ பெர்மிட், ‘பி’ பெர்மிட் என்று இரண்டு. முதலாவது காலவரையின்றித் தங்கலாம் என்றது. இரண்டாவது கெடு வைத்தது. அதே ஒப்பந்தத்தில் இன்னொரு விதியும் உண்டு. வந்தேறிய இந்திய ஆண், இந்த நாட்டுப் பெண்ணை மணப்பதற்கும் அவளோடு சேர்ந்து வாழ்வதற்கும் அரசு நிபந்தனை போடலாம். காதலுக்கு அனுமதிச் சீட்டு என்பதை தியா லிம் 1998-க்கு வைத்தார். டில்லியும் ரங்கூனும் 1941-லேயே வைத்துவிட்டன. காந்தி ஒப்பந்தத்தைக் கடுமையாகக் கண்டித்தார். நடைமுறைக்கு வந்து சூடு பிடிக்கும் முன் போர் முந்திக்கொண்டது.

கடல் கடந்து பொருள் தேடப் போவதும் ஊரில் ஒருத்தி காத்திருப்பதும் தமிழுக்குப் புதிதல்ல. பாலைத் திணை முழுக்க அதுதான். கடற்பயணம் பெண்ணோடு சேர்ந்து போவதல்ல என்று தொல்காப்பியம் விதியே வகுத்திருக்கிறது. தியா லிம்மின் கதை தமிழ் வாசகரைச் சற்றே திடுக்கிட வைப்பது இதனால்தான். இங்கே கப்பல் ஏறுகிறவள் பெண். துறையில் நின்று நாள் எண்ணுகிறவன் ஆண். அவளுக்கு வயது கூடுவதில்லை, அவனுக்குக் கூடுகிறது. சங்கப் பாடல்களில் காத்திருப்பவளின் மேனி பசக்கும், வளை கழலும். போனவனுக்கு என்ன ஆனது என்பது பெரும்பாலும் வழியின் கொடுமையாகவே சொல்லப்படும். அந்தப் பழைய சட்டகத்தை நாவல் அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறது, தெரிந்து செய்ததல்ல என்றாலும்.

சினிமாவில் இதற்கு நெருங்கிய உறவு ‘பராசக்தி’. 1952 தீபாவளிக்கு வந்த படம். கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், மு. கருணாநிதி வசனம், சிவாஜி கணேசனின் முதல் படம். வசனத்தின் வெடியோசையில் அதன் கதைப் பொறி பலருக்கு மறந்தே போயிற்று. ரங்கூனில் மூன்று அண்ணன்மார். மதுரையில் தங்கைக்குக் கல்யாணம். போர் நெருக்கடி, கப்பலில் ஒரே ஒரு டிக்கெட்தான் கிடைக்கிறது. கடைசித் தம்பி குணசேகரன் ஏறுகிறான். கப்பல் மாதக்கணக்கில் தாமதமாகிறது. அவன் வந்து சேர்ந்தபோது கல்யாணம் முடிந்து, கணவன் செத்து, அப்பா செத்து, தங்கை கைக்குழந்தையோடு நிற்கிறாள். ஒரு டிக்கெட், ஒருவர் மட்டும் பயணம், பிந்திய வருகை, இருந்த இடத்தில் வேறொரு நாடு. பாலி 1998-ல் கண்டதும் இதைத்தான். காலப் பயணக் கதை என்று ‘பராசக்தி’யை யாரும் வகைப்படுத்தியதில்லை, படுத்தினால் தவறும் இல்லை.

போர் வந்ததும் கடிகாரமே மாறியது. சொல்லப்போனால் இந்தக் கதைக்குப் பொருத்தமான கால இயந்திரம் அதுதான். 1941 டிசம்பர் 23-ல் ரங்கூன் மேல் குண்டு விழுந்தது. 1942 மார்ச் 8-ல் நகரம் ஜப்பானியர் வசமானது. ஆக்கிரமிப்பு முடியும் வரை பர்மாவின் கடிகாரங்கள் டோக்கியோ நேரம் காட்டின. ஒரே நாளில் இரண்டரை மணி நேரம் முன்னே தாவல். அதைவிடப் பெரிய விஷயம் தபால். இரண்டு கரைகளுக்கும் இடையே கடிதப் போக்குவரத்து அறுந்தது. மூன்று ஆண்டுக்கும் மேல் சிவகங்கைப் பக்கத்து வீடுகளிலும் தஞ்சை, இராமநாதபுரத்துக் கிராமங்களிலும் இருந்த பெண்களுக்கு, தாங்கள் சுமங்கலியா இல்லையா என்பதே தெரியாது. பூ வைக்கலாமா, கூடாதா? விரதம் இருப்பதா, திவசம் கொடுப்பதா? இதற்குச் சாத்திரத்தில் விடை கிடையாது. ஃபிராங்கின் நிலையும் இதுவே. பாலி வருவாள் என்று நம்ப வேண்டும், இல்லையென்றால் வாழத் தொடங்க வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்ய முடிவதில்லை.

போனவர்கள் நடந்தார்கள். நான்கு லட்சத்துக்கும் குறையாத இந்தியர்கள் அரக்கான் மலைகள் வழியாகவும், தாமுவிலிருந்து மணிப்பூருக்குள் ஏறும் பாதையிலும், இன்னும் வடக்கே காட்டுப் பள்ளத்தாக்குகளிலும் தாய்நாட்டை நோக்கி நடந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் செத்தார்கள். ரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா அந்தக் கூட்டத்தில் ஒருவர். ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ அவர் எழுதிய நூல். ஒரு பத்திரிகை ஆசிரியருக்கே உரிய நிதானத்தோடு, புலம்பாமல் எழுதப்பட்ட புத்தகம் அது. பர்மாவில் வளர்ந்த ஹெப்சிபா ஜேசுதாசன் தம் ‘மா-னீ’ நாவலில் இந்த மண்ணுக்கு வந்தார். இந்தப் பட்டியல் இன்னும் நீண்டிருக்க வேண்டும். இத்தனை லட்சம் பேர் வாழ்ந்த வாழ்க்கைக்குத் தமிழில் கிடைத்த புனைகதை குறைவுதான்.

குறைவு என்பதை விடவும் ஒருபக்கமானது என்பது பொருந்தும். காத்திருந்தவள் என்றாலே தமிழ்க் கதைக்குக் காரைக்குடித் திண்ணைதான் நினைவுக்கு வருகிறது. க்யிம்யிண்டைங்கிலோ இன்செயினிலோ காத்திருந்த பர்மியப் பெண்ணை எழுதியவர்கள் எத்தனை பேர்? மூன்று வருஷக் கணக்கு முடிந்து கப்பல் ஏறியவர் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் ஏறியிருப்பார். வராவிட்டால் அவளுக்குச் சட்டத்தில் இடமில்லை. பௌத்தப் பெண்ணோடு நடந்த திருமணத்தை இந்துச் சட்டம் ஏற்காது. பிள்ளைக்குச் சொத்தும் இல்லை, அவளுக்கு மனைவி என்ற பெயரும் இல்லை. இந்த மனக்குறை அரசியலாகி 1939-ல் பௌத்தப் பெண்களின் சிறப்புத் திருமண, வாரிசுரிமைச் சட்டமாக வந்தது. 1954-ல் புதுச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. இந்தியர் மீதான வெறுப்பும் அந்தச் சட்டத்தில் கலந்திருந்தது என்பார்கள், இருக்கலாம். கைவிடப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பதும் அதே அளவு உண்மை. தியா லிம்மின் நாவல் இரண்டு பேரையும் வில்லனாக்காமல் விட்டது. தமிழ் வாசகர் அதிலிருந்து கற்க ஏதாவது உண்டென்றால், திண்ணையிலிருந்து எழுந்து ரங்கூன் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பதுதான்.

1962-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் அரசுடைமை ஆயின. மே மாதத்தில் ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர் வெளியேறினர். நகைக்கும் பணத்துக்கும் கடும் கட்டுப்பாடு. வாழ்நாள் உழைப்பை விட்டுவிட்டுச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களுக்கு அரசாங்கம் வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. அவர்களில் பலர் அந்தத் தாயகத்தை அதற்கு முன் கண்டதே இல்லை. வீட்டில் பேசத் தமிழ் உண்டு. படித்தது பர்மிய எழுத்து. ஊர்ப் பெயரைத் தாத்தா சொல்லக் கேட்டதோடு சரி. தாத்தா சொன்ன ஊர் 1920-ல் இருந்த ஊர். கப்பல் கொண்டு இறக்கியது 1960-களின் ஊரில். நாவலின் பெரிய பலவீனமும் இங்கேதான் தெரிகிறது. பாலி எந்த ஆண்டில் இறங்கினாலும் அவள் பேசும் ஆங்கிலம் செல்லுபடியாகிறது. பள்ளிக்கூடத்தில் பர்மியம் படித்த பிள்ளையைத் தமிழ் எழுத்துக்கூட்டும் பிள்ளைகளோடு கீழ்வகுப்பில் உட்கார வைக்கும் அவமானம் அவளுக்கு இல்லை.

சென்னையில் பாரிமுனை அருகே 1969-ல் வந்த பர்மா பஜாரும், காரைக்குடி, திருச்சி, மதுரை என்று முளைத்த பர்மா காலனிகளும், அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் கடைகளும் அந்த வருகையின் மிச்சம். பொருந்தாமல் போனவர்களும் இருந்தார்கள். தமிழ்நாடு ஒத்துவரவில்லை என்று சிலர் மணிப்பூர் வரை போய்த் தரைவழியாகப் பர்மாவுக்குத் திரும்பப் பார்த்தார்கள். எல்லையில் மறித்தார்கள். முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் போக மனமில்லாமல் அவர்கள் தங்கிவிட்ட ஊர் மோரே. அங்காளபரமேசுவரி கோயிலும் தமிழ்ச் சங்கமுமாக அங்கே ஒரு தமிழ்த் தெரு எழுந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் தாமு. 1942-ல் தப்பி வந்த அதே வாசல். போன தலைமுறை உயிரைக் காக்க ஓடி வந்த வழியில், இந்தத் தலைமுறை வீடு திரும்பப் போய் நின்றது. தியா லிம்மே எழுதினாலும் இவ்வளவு செயற்கையாக இருக்கிறதே என்று பதிப்பாசிரியர் வெட்டியிருப்பார்.

பர்மாவை விட்டுப் போகாதவர்களுக்குக் காலப் பயணம் வேறு வடிவில் வந்தது. 1982 குடியுரிமைச் சட்டம். உலகம் அதை ரோஹிங்கியா மக்களின் பெயரோடு சேர்த்தே அறியும். இந்நாட்டின் ஒவ்வொரு இந்திய வம்சாவளிக் குடும்பத்தையும் அது தொட்டது. பிறப்பால் இந்நாட்டு இனத்தவர் என்று கொள்ளப்பட, 1823-க்கு முன்பே இந்த மண்ணில் நிலையாகக் குடியிருந்த இனக்குழுவாக இருக்க வேண்டும். 1824-ல் முதல் ஆங்கில-பர்மியப் போர் தொடங்கியது; வெள்ளைக்காரரோடு வந்தவர்கள் யாரும் உள்ளே வரக் கூடாது என்பதுதான் 1823 என்ற கெடுவின் கணக்கு.

இந்த அவை கூடியிருக்கும் ஊருக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. ஆங்கிலேயர் கெமண்டைன் என்று எழுதிய க்யிம்யிண்டைங்கில் அப்போது ஆற்றங்கரையோரம் மரக்கட்டைக் கோட்டை இருந்தது. 1824 மே மாதம் ரங்கூனைப் பிடித்த படை ஜூனில் அதையும் பிடித்தது. அந்த ஆண்டுக் கடைசியில் பர்மியத் தளபதி மகா பண்டுலா பெரும் சேனையோடு வந்து வளைத்தபோது, கோட்டைக்குள் நின்று தாக்குப்பிடித்தவர்களில் மதராஸ் காலாட்படையின் 26-ஆம் பிரிவும் உண்டு. ‘கெமண்டைன்’ என்பது அந்தப் படைப்பிரிவின் கொடியில் போர்ச் சிறப்பாகவே பொறிக்கப்பட்டது. பின்னாளில் அது கர்நாடிக் காலாட்படை என்று பெயர் மாறிய பிறகும் அந்தச் சிறப்பு அதனுடன் இருந்தது. ஆக, தென்னிந்தியர் ஆயுதத்தோடு இந்த ஊருக்கு வந்த ஆண்டு எழுத்தில் இருக்கிறது. சட்டம் கேட்கும் கெடுவுக்கு ஓராண்டு பிந்தி. கேட்டால் சிரிப்பு வரும்; ஆனால் பண்டுலாவின் பக்கம் நின்று பார்த்தால் அந்தக் கெடு ஏன் அங்கே விழுந்தது என்பதும் விளங்கும்.

அதற்கு முன்பே தமிழர் வந்ததற்குச் சான்று இல்லையா என்றால், உண்டு. பாகானில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. நானாதேசி விண்ணகர் என்ற திருமால் கோயிலுக்கு மலைமண்டலத்து வணிகர் ஒருவர் மண்டபம் எடுத்துக் கொடுத்ததைச் சொல்கிறது. ஆறு நூற்றாண்டு முந்திய ரசீது. ஆனால் கல்லைத் தாத்தா என்று எந்த அலுவலகத்திலும் பதிய முடியாது.

சட்டத்தில் இன்னொரு தேதியும் உண்டு. விடுதலை நாளான 1948 ஜனவரி 4-க்கு முன் வந்து குடியிருந்ததற்கு உறுதியான சான்று காட்டினால், இயல்புரிமைக் குடிமகனாக விண்ணப்பிக்கலாம். குண்டுவீச்சு, ஆக்கிரமிப்பு, இடப்பெயர்வு எல்லாவற்றையும் தாண்டி ஒரு காகிதம் தப்பியிருக்க வேண்டும். அட்டைகளுக்கு நிறம் வந்தது. முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு, இணைக் குடிமகனுக்கு நீலம், இயல்புரிமையினருக்குப் பச்சை. வெளிநாட்டார் பதிவுச் சான்றான எஃப்.ஆர்.சி.யை வைத்துக்கொண்டே காலம் தள்ளிய இந்திய வம்சத்தவரும் இருந்தார்கள். மூன்றாம் தலைமுறைக்கு முழுக் குடியுரிமை கிடைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. 1981-லிருந்து 1998-க்குப் பாலி தாவியது பதினேழு ஆண்டு. இங்கே பச்சையிலிருந்து இளஞ்சிவப்புக்குப் போக ஒரு குடும்பத்துக்குத் தாத்தா, அப்பா, பேத்தி என்று மூன்று பேரின் ஆயுள் பிடிக்கிறது. தியா லிம்மின் நாவலை யாங்கோனுக்காக மறுபடி எழுதுகிறவர், காதலர் இருவரை விட்டுவிட்டு, தாத்தாவின் 1948-க்கு முந்திய சான்றைத் தேடி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் அந்த நடு ஆளிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.